அரை ஆயுளும் எடையும் தெரிந்தால் போதும்: நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது?

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் பலருக்கு அடுத்த கட்டமாக ஒரு மாத்திரை கொடுப்பார்கள். தடித்த ஈய டப்பாவுக்குள் அது வரும். அதை விழுங்கியவர் சில நாள் தனி அறையில் இருக்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விட மாட்டார்கள். மாத்திரைக்குள் இருப்பது அயோடின்-131. அதன் அளவை '100 மில்லிகியூரி' என்பது போலக் கதிரியக்க அலகில் குறித்திருப்பார்கள். கிராம் கணக்கு எங்கும் இருக்காது.

இன்னொரு பக்கம், உரக்கடையில் அடுக்கி வைத்திருக்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை. அதுவும் கதிரியக்கம் உள்ள பொருள்தான். அதைத் தோளில் சுமக்கிறோம், வயலில் கையால் வீசுகிறோம், யாரும் யாரையும் தனி அறையில் வைப்பதில்லை.

அந்த மாத்திரையில் இருக்கும் அயோடின்-131, ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பொடி உப்பின் ஒரு மணி அதைவிடப் பல பத்து மடங்கு கனமானது. ஆனாலும் அந்தத் துளியில் ஒரு நொடிக்கு நடக்கும் சிதைவுகள் (ஓர் அணு கதிரை வெளியிட்டு வேறு அணுவாக மாறுவதே சிதைவு), மூட்டை முழுவதிலும் நடப்பதைப் போல 4,000 மடங்குக்கும் மேல். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பொருளின் எடையும் அதன் அரை ஆயுட்காலமும் (இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) தெரிந்தால் பள்ளிக் கணக்கு போதும்.

பள்ளியில் இதை நான் சூத்திரமாகத்தான் படித்தேன். மதிப்பெண் வந்தது, பொருள் விளங்கவில்லை. விளங்கியது பல வருடம் கழித்துத்தான். அப்படி விளங்கிய வழியிலேயே இங்கே சொல்கிறேன்.

அணுவுக்கு முதுமை கிடையாது

தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைப்பார்கள். அப்படித் தேய்த்த கொட்டைகள் ஆயிரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் குலுக்கிப் போடுகிறோம். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்ததை எல்லாம் எடுத்து ஒதுக்கிவிடுகிறோம். ஏறக்குறைய 500 மிஞ்சும். அவற்றை மறுபடி போட்டால் 250, அதற்கடுத்து 125. (எந்தப் பக்கம் விழவும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.)

மூன்று முறை தப்பித்த கொட்டை 'களைத்துப்போய்' நான்காம் முறை நிச்சயம் வெள்ளையாக விழும் என்று சொல்ல முடியுமா? முடியாது. முதல் முறை எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ அதே வாய்ப்புதான் நான்காம் முறையும். கதிரியக்க அணுவும் அப்படியே. நேற்று அணு உலையில் உருவான அயோடின்-131 அணுவுக்கும், ஒரு மாதமாகச் சிதையாமல் தப்பி வந்திருக்கும் அயோடின்-131 அணுவுக்கும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. வெப்பப்படுத்தினாலும் நீரில் கரைத்தாலும் அந்த வாய்ப்பு மாறாது.

இதனால்தான் 'அரை ஆயுள்' என்ற சொல் புதிதாகப் படிப்பவர்களைத் தடுமாற வைக்கிறது. அரை ஆயுள் 8 நாள் என்றால் முழு ஆயுள் 16 நாள், அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது என்று தோன்றும். அப்படி இல்லை. 8 நாளில் பாதி மிஞ்சும், 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால். இருப்பதில் பாதி போகும், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. ஓர் அணு அடுத்த ஒரு நொடியில் சிதைவதற்கு ஒரு குறிப்பிட்ட, மாறாத வாய்ப்பு உண்டு. இதைத்தான் சிதைவு மாறிலி என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் லாம்டா என்ற கிரேக்க எழுத்தாக வருவது இதுவே. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரு தோப்பில் 2,000 மாம்பழம் தொங்குகிறது, ஒவ்வொரு பழமும் இன்றிரவு விழுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், காலையில் கீழே சுமார் 20 பழம் கிடக்கும். எண்ணிக்கையை வாய்ப்பால் பெருக்கினோம். சிதைவு வீதமும் அதேதான்:

சிதைவு வீதம் = சிதைவு மாறிலி × அணுக்களின் எண்ணிக்கை

இந்த வீதத்தின் அலகு பெக்கரல். நொடிக்கு ஒரு சிதைவு நடந்தால் 1 பெக்கரல். 1896-இல் யுரேனிய உப்பிலிருந்து இந்தக் கதிர்கள் வருவதைக் கண்ட ஹென்றி பெக்கரலின் பெயர் அது.

நமக்குத் தெரியாதவை இரண்டு: அந்த மாறிலி எவ்வளவு, அணுக்கள் எத்தனை. முதலாவது அரை ஆயுளிலிருந்து வரும். இரண்டாவது எடையிலிருந்து வரும்.

0.693 எங்கிருந்து வந்தது?

எல்லாப் புத்தகத்திலும் சிதைவு மாறிலிக்கு 0.693-ஐ அரை ஆயுளால் வகுக்கச் சொல்வார்கள். ஏன் 0.5 இல்லை? பாதி அணுக்கள் சிதைவதற்குத் தேவையான நேரம்தானே அரை ஆயுள்? பாதியை நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிட வேண்டுமே? இது மிக நியாயமான கேள்வி. '2-இன் இயல் மடக்கை' என்று ஒரு வரியில் பதில் சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது.

கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரை ஆயுளை 2 சம துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டிலும் அப்போது இருப்பதில் ஒரே விகிதம் போக வேண்டும். இரண்டும் முடியும்போது பாதி மிஞ்ச வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு துண்டிலும் மிஞ்சுவது அரையின் வர்க்கமூலம், அதாவது 0.7071. போவது 0.2929. துண்டு ஒன்றுக்கு 0.2929 வீதம் இரண்டு துண்டுக்கு 0.586.

10 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் போவது 0.0670, பத்தால் பெருக்கினால் 0.670. 100 துண்டாக வெட்டினால் 0.0069075, நூறால் பெருக்கினால் 0.691. ஆயிரம் துண்டாக்கினால் 0.6929. துண்டு சிறுத்துக்கொண்டே போகப் போக அந்த எண் 0.6931-இல் போய் நின்றுவிடுகிறது. சூத்திரத்தில் வரும் 0.693 இதுதான்.

பொருள் என்னவென்றால், தொடக்கத்தில் இருந்த அதே வேகத்தில் சிதைவு தொடர்ந்திருந்தால் ஓர் அரை ஆயுளுக்குள் 69.3 சதவீத அணுக்கள் போயிருக்கும். ஆனால் அணுக்கள் குறையக் குறைய வேகமும் குறைகிறது. முடிவில் வேகம் தொடக்கத்தில் இருந்ததில் பாதிதான். அதனால்தான் 50 சதவீதம் மட்டும் போகிறது. பாதியை அரை ஆயுளால் வகுத்தால் வருவது அந்தக் காலம் முழுவதற்குமான சராசரி வேகம். நமக்கு வேண்டியது இந்த நொடியின் வேகம். இரண்டும் வேறு.

வட்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த எண் பழக்கமானதுதான். போட்ட பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று பார்க்க 70-ஐ வட்டி விகிதத்தால் வகுப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் கணக்கென்றால் 72 என்று வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த 70-உம் இந்த 0.693-உம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அங்கே வளர்ந்து இரட்டிப்பாகிறது, இங்கே தேய்ந்து பாதியாகிறது.

ஆக,

சிதைவு மாறிலி = 0.693 ÷ அரை ஆயுட்காலம்

அரை ஆயுளை நொடியில் எழுத வேண்டும். பெக்கரல் என்பதே நொடிக் கணக்கு. நாளென்றால் 86,400-ஆல் பெருக்க வேண்டும், ஆண்டென்றால் 3.156 × 10⁷-ஆல் பெருக்க வேண்டும். தேர்வில் மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். இயற்பியல் முழுவதும் புரிந்தும் நொடியாக மாற்ற மறந்து விடையைக் கோட்டைவிடுவதைப் பார்க்க மனம் வலிக்கும்.

அயோடின்-131-க்குப் போட்டுப் பார்ப்போம். அரை ஆயுள் 8.02 நாள். 8.02 × 86,400 = 6,92,928 நொடி. 0.693-ஐ இதனால் வகுத்தால் கிடைப்பது கிட்டத்தட்ட மிகச் சரியாக 10⁻⁶. பத்து லட்சத்தில் ஒன்று! பத்து லட்சம் அயோடின்-131 அணுக்களை ஓரிடத்தில் வைத்தால், அவற்றில் நொடிக்கு ஒன்று சிதையும். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமைதான், ஆனால் இந்தப் பாடத்தைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல தனிமம் எனக்குத் தெரிந்து இல்லை.

எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

அணுக்களை எண்ண வேதியியல் தந்த வழி மோல். எந்த ஐசோடோப்பாக (ஒரே தனிமத்தில் எடை வேறுபடும் அணு வகை) இருந்தாலும் அதன் நிறை எண் (பெயருக்குப் பின்னால் வரும் எண்) அளவுக்குக் கிராமில் எடுத்தால், அதில் 6.022 × 10²³ அணுக்கள் இருக்கும். 131 கிராம் அயோடின்-131-இல் அவ்வளவு. 232 கிராம் தோரியம்-232-லும் அவ்வளவே. எனவே கையிலுள்ள கிராமை நிறை எண்ணால் வகுத்து, 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் அணுக்களின் எண்ணிக்கை வந்துவிடும்.

தனிம வரிசை அட்டவணையில் அயோடினுக்கு 126.9 என்று போட்டிருக்கும். அது இயற்கையில் கிடைக்கும் அயோடின்-127-க்கானது. நம் கணக்குக்கு 131-தான் வேண்டும்.

1 மைக்ரோகிராம், அதாவது 10⁻⁶ கிராம் அயோடின்-131: 10⁻⁶ ÷ 131 × 6.022 × 10²³ = 4.6 × 10¹⁵ அணுக்கள். நொடிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்பதால் சிதைவு வீதம் 4.6 × 10⁹ பெக்கரல். நொடிக்கு 460 கோடி சிதைவுகள், கண்ணுக்கே தெரியாத ஒரு துளியில்.

இரண்டு படிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் 0.693-உம் 6.022 × 10²³-உம் பெருகி 4.17 × 10²³ ஆகிவிடும்:

பெக்கரல் = 4.17 × 10²³ × கிராம் ÷ (நிறை எண் × நொடியில் அரை ஆயுள்)

இதை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு படிகளாகப் போடுவதே நல்லது என்பேன். நடுவில் வரும் மாறிலியும் எண்ணிக்கையும் கணக்கு சரியான பாதையில் போகிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். 1 கியூரி என்பது 3.7 × 10¹⁰ பெக்கரல். எனவே 100 மில்லிகியூரி என்பது 3.7 × 10⁹ பெக்கரல். பத்து லட்சத்துக்கு ஒன்று சிதைகிறதென்றால் மாத்திரையில் 3.7 × 10¹⁵ அணுக்கள் இருக்க வேண்டும். 131-ஆல் பெருக்கி 6.022 × 10²³-ஆல் வகுத்தால் 0.8 மைக்ரோகிராம். நோயாளி உண்மையில் உட்கொள்ளும் அயோடின்-131 இவ்வளவுதான். மருந்தைக் கிராமில் அளக்காமல் கியூரியில் அளப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கும்: இவ்வளவு சிறிய எடையைத் தராசில் பிடிப்பது கடினம், ஆனால் நொடிக்கு 370 கோடி சிதைவைக் கருவி எளிதாகக் காட்டிவிடும்.

அந்த 3.7 × 10¹⁰ என்ற விநோதமான எண்ணும் இதே கணக்கின் பிள்ளைதான். கியூரி என்ற அலகு பிறந்தது 1 கிராம் ரேடியத்தை அடிப்படையாக வைத்து. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு, அதாவது 5.05 × 10¹⁰ நொடி. மாறிலி 1.37 × 10⁻¹¹. 1 கிராமில் அணுக்கள் 2.66 × 10²¹. பெருக்கினால் 3.66 × 10¹⁰. அலகை நிலைநிறுத்தியபோது அன்றைய அளவீட்டை ஒட்டி 3.7 என்று வைத்துவிட்டார்கள். பெக்கரல் 1975-இல்தான் சர்வதேச அலகானது. மருத்துவமனைகளில் இன்றும் மில்லிகியூரியின் ஆட்சிதான்.

மூட்டையில் உள்ளதெல்லாம் கதிரியக்கம் அல்ல

இனி பொட்டாஷ் மூட்டை. இங்கே அயோடினில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு: எடை தெரியும், ஆனால் அது எதன் எடை?

மூட்டையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. மேலே 60 சதவீதம் என்று போட்டிருப்பது பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்ட அளவு. உர வணிகத்தின் பழைய வழக்கம் அது. ஆக்சைடில் 83 சதவீதம் பொட்டாசியம். ஆகவே தனிமமாகப் பார்த்தால் மூட்டையில் ஏறக்குறைய பாதி, 25 கிலோ பொட்டாசியம். அந்தப் பொட்டாசியத்திலும் கதிரியக்கம் உள்ளது பொட்டாசியம்-40 என்ற ஐசோடோப் மட்டுமே. அதன் பங்கு அணுக்களில் 0.0117 சதவீதம். பத்தாயிரம் அணுவில் ஒன்றுக்குச் சற்று மேல்.

1 கிராம் பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வோம். பல ஐசோடோப்புகளின் கலவையாக இருப்பதால் இங்கே தனிம வரிசை அட்டவணையில் உள்ள 39.1-ஐத்தான் பயன்படுத்த வேண்டும். 6.022 × 10²³ ÷ 39.1 = 1.54 × 10²² அணுக்கள். அதில் 0.0117 சதவீதம் என்றால் 1.8 × 10¹⁸ பொட்டாசியம்-40 அணுக்கள். அரை ஆயுள் 125 கோடி ஆண்டு, அதாவது 3.94 × 10¹⁶ நொடி. மாறிலி 1.76 × 10⁻¹⁷. பெருக்கினால் கிராமுக்கு ஏறக்குறைய 32 பெக்கரல்.

25 கிலோவுக்கு சுமார் 7.9 லட்சம் பெக்கரல். மாத்திரையின் 370 கோடியோடு ஒப்பிட்டால் 4,000 மடங்குக்கும் மேல் என்று முதலில் சொன்னது இதுதான். எடையில் மூட்டை எங்கேயோ இருக்கிறது. அரை ஆயுள் அந்த வித்தியாசத்தைத் தலைகீழாக்கிவிட்டது.

உரம் விற்பவர்களும் உழவர்களும் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் எப்போதும் இருக்கிறது. 32-ஆல் பெருக்கிப் பாருங்கள்: நம் ஒவ்வொருவருக்குள்ளும் நொடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் சிதைவுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. பெக்கரல் என்பது எண்ணிக்கை மட்டுமே. எந்தக் கதிர், எவ்வளவு ஆற்றலோடு, உடம்பின் எந்த உறுப்பில் படுகிறது என்பதைப் பொறுத்ததே பாதிப்பு. அதற்குச் சீவெர்ட் என்ற வேறு அலகு இருக்கிறது. பெக்கரல் எண்ணைப் பார்த்த உடனே ஆபத்தென்றோ ஆபத்தில்லை என்றோ முடிவுகட்டும் செய்திகளை நம்பாதீர்கள்.

வாரிசுகளின் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரியம்-232-இன் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டு. பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. 1 கிராம் தோரியத்துக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 4,060 பெக்கரல் வரும். 1 கிராம் அயோடின்-131-க்கு வருவது 4.6 × 10¹⁵. இரண்டுக்கும் இடையே ஒரு லட்சம் கோடி மடங்கு.

ஆனால் அந்த மணலின் முன் கருவியைப் பிடித்தால், தோரியத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிட அதிகச் சிதைவுகள் நடப்பது தெரியும். கணக்கு தப்பில்லை, தோரியம் தனியாக இல்லை. தோரியம் சிதைந்தால் ரேடியம்-228, அது சிதைந்தால் ஆக்டினியம், இப்படிப் போய் ஈயம்-208-இல் நிற்பதற்குள் மொத்தம் 10 சிதைவுகள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கலையாமல் கிடந்த கனிமத்தில், படிப்படியாக அமைந்த தொட்டிகளில் மேல் தொட்டியிலிருந்து விழும் நீரின் அளவே கீழ் தொட்டி ஒவ்வொன்றிலிருந்தும் வழிவது போல, சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒரே வீதத்தில் சிதைந்துகொண்டிருக்கும். எனவே மொத்தம் சுமார் 10 மடங்கு, 1 கிராம் தோரியத்துக்கு ஏறக்குறைய 40,600 பெக்கரல். நம் சூத்திரம் சொல்வது தாய் அணுவின் சிதைவை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

மூன்று நாள் தாமதமானால்

தோரியத்துக்கு இன்று போட்ட கணக்கு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் பொருந்தும். அயோடினுக்கு அப்படியல்ல, அடுத்த வாரமே மாறிவிடும். கழிந்த நாட்களை அரை ஆயுளால் வகுத்து, வரும் எண்ணை அரையின் அடுக்காக வைத்தால் மிஞ்சும் பங்கு கிடைக்கும்.

திங்கட்கிழமை 100 மில்லிகியூரி இருந்த மாத்திரை மூன்று நாள் தாமதமாகி வியாழக்கிழமை கொடுக்கப்படுகிறது என்று வையுங்கள். 3 ÷ 8.02 = 0.374. அரையின் 0.374 அடுக்கு 0.77. வியாழக்கிழமை இருப்பது 77 மில்லிகியூரி. இதனால்தான் இத்தகைய மருந்துகளில் அளவோடு தேதியையும் நேரத்தையும் சேர்த்தே எழுதுவார்கள். கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை கருவியில் வைத்தும் பார்ப்பார்கள். வியாழக்கிழமை சரியாக 100 வேண்டுமென்றால் திங்கட்கிழமை 100 ÷ 0.77, அதாவது சுமார் 130 மில்லிகியூரி இருந்திருக்க வேண்டும். கிராமில் சொன்னால் 0.2 மைக்ரோகிராம் கூடுதல்.